நேரே இரண்டாம் ஆண்டு

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 2ஆம் தேதி, சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 கிளம்பியது. ஆதித்யாவின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக்காரர். சந்திரயானின் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். செங்கோட்டை, இலத்தூர், ஆய்க்குடி பக்கத்து மக்களுக்கு ஷாஜி சொந்த ஊர்ப் பெண் என்பதால் பெருமை அவர் பக்கமே சாய்ந்தது. அதில் தப்பில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் இலத்தூர்ப் பையனுக்கு, அந்த விழுப்புரத்துக்காரரின் படிப்புக் கதையும் முக்கியம்.

ஷாஜி போனது எல்லோருக்கும் தெரிந்த பாதை. செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, பிளஸ் டூ, பிறகு திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ. எலக்ட்ரானிக்ஸ். வீரமுத்துவேலோ பள்ளி முடித்ததும் விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தார். அதன் பிறகுதான் சென்னை ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல், திருச்சி என்.ஐ.டி.யில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். அப்பா ரயில்வேயில் தொழில்நுட்ப ஊழியர்.

டிப்ளமோவிலிருந்து பி.இ.க்குத் தாவுவதைத் தமிழ்நாட்டில் ‘லேட்டரல்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மூன்று வருடப் பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. முதலாண்டைத் தாண்டி நேரே இரண்டாம் ஆண்டில் போய் உட்காரலாம். கணக்கு எளிது: பத்து, அதன் மேல் பிளஸ் டூவுக்கு இரண்டு, பி.இ.க்கு நாலு, ஆகப் பதினாறு. பத்து, அதன் மேல் டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, அதுவும் பதினாறு. ஒரு வருடம்கூட நஷ்டமில்லை. போதாக்குறைக்குக் கையில் இரண்டு சான்றிதழ். இவ்வளவு நேரான இந்தக் கணக்கு நம் ஊரில் செல்லுபடியாக முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. காரணம் படிக்க ஆளில்லாதது அல்ல. இந்தப் படிப்புகளை வடிவமைத்தவர்களின் மனத்தில் இரண்டு வேறு சாதி ஊழியர்கள் இருந்தார்கள்.

சென்னையில் 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய சர்வே பள்ளிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர். நிலம் அளக்க ஆள் வேண்டும் என்று தொடங்கிய பள்ளி, 1859இல் பொறியியல் கல்லூரியானது. சிவில்தான் முதலில். மெக்கானிக்கல் படிப்பு 1894இல் வந்தது. அப்போது கல்லூரி சேப்பாக்கத்தில் இருந்தது. கிண்டிக்கு இடம் மாறியது 1920இல். பட்டம் வாங்கியவர்கள் என்ஜினியர்கள் ஆனார்கள். அவர்களுக்குக் கீழே, வெயிலில் நின்று வேலை வாங்க, எஸ்டிமேட் போட, அளவுப் புத்தகம் எழுத இன்னொரு அடுக்கு வேண்டியிருந்தது. அந்த அடுக்குக்கு ஓவர்சியர் என்று பெயர். பஞ்சாயத்து யூனியன் அலுவலகங்களில் அந்தப் பெயர் இன்னமும் புழங்குகிறது.

தொழிற்சாலைகளிலும் இதே அடுக்குதான். 1916இல் சென்னையில் ஒரு தொழிற்பள்ளி வந்தது. அதுவே 1946இல் சென்ட்ரல் பாலிடெக்னிக் ஆனது. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் பெயருக்குப் பின்னால் எல்.எம்.இ., எல்.சி.இ. என்று போட்டுக்கொண்டார்கள். பழைய வீட்டு வாசல் பலகைகளில் அந்த மூன்றெழுத்துகளைப் பார்த்தவர்கள் நம்மிடையே உண்டு. முன்னது மெக்கானிக்கலிலும் பின்னது சிவிலிலும் உரிமம் பெற்றவர் என்று பொருள். இதன் மேல் ஒரு வருடம் படித்தால் பட்டம், இரண்டு வருடம் படித்தால் பட்டம் என்ற பேச்சே அன்று இல்லை. டிப்ளமோ அதோடு முடிகிற படிப்பு.

அமெரிக்காவில் இதே காலத்தில் வேறொன்று நடந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் ஒரு ஜூனியர் கல்லூரி தொடங்கினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து யோசித்த ஏற்பாடு அது. பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தை உள்ளூரிலேயே முடித்துவிட்டு மிச்சத்தைப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்கலாம். பின்னாளில் கம்யூனிட்டி காலேஜ் என்று பெயர் பெற்ற இந்த வகைக் கல்லூரிகளில் மேலே மாறிப் போவது பிறவியிலேயே இருந்த குணம். கலிபோர்னியா 1960இல் போட்ட உயர்கல்வித் திட்டம் அந்த மாறுதலைக் கொள்கையாகவே ஆக்கியது. நம் பாலிடெக்னிக்குக்கு அந்தக் குணம் பிறவியில் இல்லை, பின்னால் ஒட்டவைத்தது. தமிழ்நாட்டுக்குக் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரே 1990களின் நடுவில்தான் வந்தது. அவை பள்ளியில் இடைநின்றவர்களுக்கு ஒரு கைத்தொழிலும் வேலையும் தேடித் தந்த அமைப்புகள், பி.இ.க்கு ஏணி போட்டவை அல்ல.

தென்காசிப் பக்கம் எந்திரத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1885இல் பாபநாசத்தில் ஹார்வி மில் ஓடத் தொடங்கிவிட்டது. 1904இல் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து மீட்டர் கேஜ் ரயில் போனது. 1944இல் பாபநாசத்தில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். செங்கோட்டையிலும் பிரானூரிலும் மர அறுவை மில்கள் வரிசை கட்டின. ஸ்பானரும் கிரீஸும் தெரிந்த ஆளுக்கு இந்த வட்டாரத்தில் எப்போதும் கூலி உண்டு. ஆனால் என்ஜினியர் படிப்புக்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டும். செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் அங்கிருந்தவர்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். அங்கே பொறியியல் கல்லூரி 1939இல் வந்தது. மலைக்கு இந்தப் பக்கம் காரைக்குடி அழகப்ப செட்டியார் கல்லூரி 1952, மதுரை தியாகராசர் கல்லூரி 1957. திருநெல்வேலிச் சீமைக்கென்று ஓர் அரசு பொறியியல் கல்லூரி வந்ததோ 1981இல். ஷாஜி சேர்ந்தபோது அந்தக் கல்லூரிக்கு ஒரு வயதுதான்.

பாலிடெக்னிக் அப்படியில்லை. ஐம்பதுகளில் அது தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பரவியது. காமராஜர் ஆட்சிக்காலம், தொழிற்பேட்டைகள் எழும்பிய காலம். மில் முதலாளிகளும் வணிகக் குடும்பங்களும் பணம் போட்டார்கள். பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பாலிடெக்னிக், சேலத்தில் தியாகராஜர் பாலிடெக்னிக், விருதுநகரில் வெள்ளைச்சாமி நாடார் பாலிடெக்னிக் எல்லாம் அந்தச் சில வருடங்களில் வந்தவை. நெல்லைக்குப் பக்கத்தில் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையை ஒட்டிச் சங்கர் பாலிடெக்னிக் வந்தது. ஆலைக்கு ஆள் வேண்டும். ஆள் தயாராவது ஆலை வாசலிலேயே. தென்காசி, செங்கோட்டைப் பையன்கள் ரயிலேறி அங்கே போய்ப் படித்தார்கள். பிறகு பாவூர்சத்திரத்திலேயே ஒரு பாலிடெக்னிக் வந்தது.

டிகிரியா டிப்ளமோவா என்ற இந்தப் பிரிவினையையே ஏற்காத ஒருவர் கோவையில் இருந்தார். ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் விட்டுத் தொடங்கி, எந்திரங்களைக் கழற்றி மாட்டியே கற்றவர். 1945இல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி பிறக்க அவரே காரணம். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரை அதற்கு வைத்தார்கள். நாயுடு அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியல் படிக்க நாலு வருடம் எதற்கு, இரண்டே வருடம் தாராளம் என்பது அவர் வாதம். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வருடத்தில் நாயுடு விலகிவிட்டார். கல்லூரி அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகி தடாகம் சாலைக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் ஹோப் காலேஜ் என்ற பஸ் நிறுத்தம் மட்டும் மிச்சம்.

நாயுடுவின் இரண்டு வருடப் பட்டம் நடக்கவில்லை. டிப்ளமோக்காரர்கள் மேலே ஏற வேறு வழி தேடினார்கள். அரசு வேலையிலும் மின்வாரியத்திலும் டிப்ளமோ என்றால் ஜூனியர் என்ஜினியர், டிகிரி என்றால் அசிஸ்டென்ட் என்ஜினியர். ஒரே டிரான்ஸ்பார்மரடியில் நின்றாலும் சம்பளப் பட்டியல் வேறு, பதவி உயர்வு வரிசை வேறு. வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போக முடியாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது ஏ.எம்.ஐ.இ.

கொல்கத்தாவில் 1920இல் அமைந்த இந்தியப் பொறியாளர் சங்கம் 1928 முதல் இந்தத் தேர்வை நடத்தியது. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று இரண்டு படி. வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. புத்தகம் வாங்கி, ஷிப்ட் முடிந்து வந்து, தானே படித்து எழுத வேண்டும். இரண்டு படியும் தாண்டினால் பி.இ.க்குச் சமம் என்று மத்திய அரசு ஏற்றிருந்தது. தாண்டியவர்கள் குறைவு, பல வருடம் எழுதிக்கொண்டே இருந்தவர்கள் நிறைய. சிமெண்ட் ஆலைக் குடியிருப்பிலும் மின்வாரியக் குவார்ட்டர்ஸிலும் ஏ.எம்.ஐ.இ. எழுதுகிற அண்ணாச்சி ஒருவர் இருப்பார். பிள்ளைகள் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கும் அதே மேசையில் அவரும் தெர்மோடைனமிக்ஸ் படிப்பார். 2013 மே 31ஆம் தேதிக்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு இந்தச் சமநிலை கிடையாது என்று ஆனதோடு அந்தப் பாதை அடைபட்டது.

இன்னொன்று பகுதி நேர பி.இ. டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்கள் மாலையில் வந்து படிக்கலாம். கோவையில் இது செழித்தது. பகலில் பவுண்டரியிலும் பம்ப் கம்பெனியிலும் வேலை, சாயங்காலம் கல்லூரி. திருநெல்வேலி அரசு கல்லூரியும் பிற்பாடு பகுதி நேரப் படிப்பு நடத்தியது. ஆனால் தென்காசியில் வேலை பார்ப்பவர் மாலை வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்வது லேசுப்பட்ட காரியமில்லை.

பகல் நேரக் கல்லூரியின் கதவு திறக்கக் கொள்கையிலும் மாற்றம் வர வேண்டியிருந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கை தொழில்நுட்பப் படிப்பில் பல நிலைகளில் நுழைய வழி வேண்டும் என்றது. அடுத்த வருடமே, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.க்குச் சட்ட அதிகாரம் வந்தது. டிப்ளமோ முடித்தவரை இரண்டாம் ஆண்டில் சேர்ப்பதற்கு விதி, ஒதுக்கீடு, தனிக் கவுன்சலிங் என்று ஒவ்வொன்றாக நிலைபெற்றன. ஒதுக்கீடு மொத்த இடத்தில் 10 சதவீதம், 20 சதவீதம் என்று ஏறி இறங்கியிருக்கிறது. பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கும் இதே வாசல் உண்டு. அது புதிதும் அல்ல, 1949இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி.யே பி.எஸ்ஸி. முடித்தவர்களை எடுத்து மூன்று வருடத்தில் பொறியாளர் ஆக்கிய இடம்தான்.

அன்று முதலாண்டுக் கவுன்சலிங் என்றால் சென்னை, அண்ணா பல்கலைக்கழகம். லேட்டரல் என்றால் காரைக்குடி. இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையை நடத்தும் பொறுப்பு பல வருடங்கள் அழகப்ப செட்டியார் கல்லூரியிடம் இருந்தது. பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் மனப்பாடம். பையனோடு அப்பாவோ மாமாவோ துணைக்கு வர, சான்றிதழ் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், திரையில் காலி இடங்களைப் பார்த்து ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு வர வேண்டும். பிறகு எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது.

கதவு அகலமானதற்குக் கொள்கை மட்டும் காரணமில்லை. 1984க்குப் பிறகு தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகி, ஒரு கட்டத்தில் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. இலத்தூருக்குப் பக்கத்து ஆய்க்குடியிலேயே ஒன்று, ஆலங்குளத்தில் ஒன்று. இடம் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை என்ற நிலை வந்தது. முதலாண்டில் நிரம்பாத இடங்களையும் லேட்டரலுக்குக் கொடுக்கலாம் என்று விதி வந்ததும், பாலிடெக்னிக் மாணவர்களைக் கல்லூரிகளே தேடி வரத் தொடங்கின. இறுதியாண்டு வகுப்புக்கு ஆள் அனுப்பி, பஸ் கட்டணம் இல்லை, விடுதியில் சலுகை என்று கூப்பிடுவது சகஜமானது. முந்தைய தலைமுறை டிப்ளமோக்காரர் ஒற்றை இடத்துக்குக் காத்துக் கிடந்தார். அவர் மகனுக்கு வீட்டு வாசலில் நோட்டீஸ் வந்தது. டிப்ளமோவின் மதிப்பு கூடியதால் மட்டும் வந்த மரியாதை அல்ல இது. வகுப்பறையில் பெஞ்ச் காலியாகக் கிடந்தது.

உள்ளே போனவர்களுக்கு மூன்றாம் செமஸ்டர்தான் சோதனை. பாலிடெக்னிக்கில் கை முந்தும். பிட்டிங் ஷாப்பில் எம்.எஸ். தகட்டை வைஸில் பூட்டி, அரத்தால் ராவி, ட்ரை ஸ்கொயரை ஓரத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பான் டிப்ளமோ பையன். இடுக்கில் கீற்று வெளிச்சம் கசிந்தாலும் வாத்தியார் திருப்பிக் கொடுத்துவிடுவார். லேத்தில் ஃபேசிங், ஸ்டெப் டர்னிங், டேப்பர், நர்லிங், மரை வெட்டுவது என்று வரிசையாகப் பழகியிருப்பான். வெர்னியர் கையில் நிற்கும். தேர்வுக் கேள்வித்தாளில் தமிழும் இருக்கும்.

பி.இ. வகுப்பில் அவன் உட்காரும்போது எம்-3 என்ற மூன்றாம் கணக்குத் தாள் நடந்துகொண்டிருக்கும். ஒரு சார்பை சைன், கொசைன் அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் தொடர். அதைப் பிடித்துக்கொண்டு தகட்டில் வெப்பம் பரவுவதைச் சொல்லும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. பிளஸ் டூவில் வந்த பிள்ளைகள் எம்-1, எம்-2 என்று இரண்டு கணக்குத் தாளை முதலாண்டில் முடித்துவிட்டு வந்திருப்பார்கள். லேட்டரல் பையன் அந்த இரண்டையும் தாண்டிக் குதித்து வந்தவன். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் தெர்மோடைனமிக்ஸும் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடங்கள்தான். டிப்ளமோவில் சூத்திரம் கொடுத்துக் கணக்கைப் போடச் சொன்னார்கள், இங்கே சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். அதையும் இங்கிலீஷில். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. பெரும்பாலான கல்லூரிகள் அந்தப் பக்கம் போகவில்லை. முதல் அரியர் எம்-3இல் விழுவது லேட்டரல் வட்டாரத்தில் பழகிப்போன செய்தி.

லேபுக்குப் போனால் நிலைமை மாறும். லேத் சக்கில் வேலையை மையம் பார்த்துப் பூட்ட முதலாண்டு முடித்தவன் திணறுகையில், கடைசி பெஞ்ச் டிப்ளமோ பையன் டயல் கேஜை வைத்து நாலு திருகில் முடித்துவிடுவான். நாலாம் வருட ப்ராஜெக்டில் வெல்டிங், டிரில்லிங் வேலை வந்தால் குழுவில் ஒரு லேட்டரல் ஆள் இருக்கிறானா என்று பார்த்துச் சேர்வார்கள். ஐ.டி.ஐ. வழியாக வந்தவன் என்றால் இன்னும் விசேஷம். பத்தாவதுக்குப் பின் ஐ.டி.ஐ. இரண்டு வருடம், பாலிடெக்னிக்கிலும் நேரே இரண்டாம் ஆண்டு, பி.இ.யிலும் நேரே இரண்டாம் ஆண்டு. பிட்டராகத் தொடங்கி என்ஜினியராக முடிக்க இப்படி ஒரு முழுச் சங்கிலி தமிழ்நாட்டில் இருக்கிறது.

குடும்பங்களில் இந்த முடிவு பெரும்பாலும் பணத்தை ஒட்டியே விழும். “டிப்ளமோவோட நிப்பாட்டிக்கிடுதியாடே, மேக்கொண்டு படிக்கியா?” என்று பெரியப்பாக்கள் கேட்பதில் இன்னும் மூன்று வருடம் சம்பளம் வராதே என்ற கணக்கும் ஒளிந்திருக்கும். சுரண்டை, கயத்தாறு பக்கம் செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் காற்றாலைகளில் டிப்ளமோ மெக்கானிக்கலுக்கு உடனே வேலை உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தபின் சில வீடுகளில் அந்தக் கணக்கு மாறியது.

2010களின் முன்பாதியில் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் மெக்கானிக்கலுக்குத்தான் முதல் மவுசு. இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் கூட்டம். மெக்கானிக்கலில் இடம் கேட்டால் கிடைக்கிறது. குற்றாலத்துக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011இல் வந்த ஜோஹோ மென்பொருள் நிறுவனம், பட்டம் வேண்டாம் என்றே சொல்கிறது. 2005இல் தொடங்கிய அதன் பயிற்சிப் பள்ளி பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலையில் வைத்துக்கொள்கிறது. லேட்டரலில் போய் மூன்று வருடம் படிப்பதா, இங்கே போவதா என்ற கேள்வி முந்தைய தலைமுறைக்கு இருந்ததில்லை.

வேலையை விட முடியாதவர்களுக்கும் ஒரு ஏற்பாடு மறுபடி வந்திருக்கிறது. பணியில் இருக்கும் டிப்ளமோக்காரர்களைக் கல்லூரிகள் அவர்கள் நேரத்துக்கு ஏற்ப வகுப்பு வைத்து பி.இ. படிக்கவைக்கலாம் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2023இல் அறிவித்தது. சேர்கிறவருக்கு வேலை அனுபவம் வேண்டும். வேலை பார்க்கும் இடம் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோவைக்கும் ஓசூருக்கும் இந்த நிபந்தனை எளிது. சுரண்டைக் காற்றாலையில் கோபுரம் ஏறி இறங்கும் டிப்ளமோக்காரருக்கு, அது பக்கத்துக் கல்லூரிகளில் எது இந்த வகுப்பை நடத்த முன்வருகிறது என்பதைப் பொறுத்தது.